எக்செல் கற்பதும் களப்பணிதான்

போன மாதம் ஒரு தம்பி தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பி.சி.ஏ. இறுதியாண்டு. தரவு மேலாண்மை, தகவல் பாதுகாப்பு, தரவுக் காட்சிப்படுத்தல் என்று மூன்று செய்முறைத் தாள்கள். நல்ல கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையொப்பம். முதல் பயிற்சி, ஊழியர், துறை என்று இரண்டு அட்டவணைகள் உருவாக்குவது. ஐந்தாவது, ஐரிஸ் பூக்களின் இதழ் அளவை வைத்து வரைபடம் போடுவது. எட்டாவது, டைட்டானிக் கப்பலில் பிழைத்தவர்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் காட்டுவது. "அவுட்புட் கரெக்ட்டா வந்துச்சுக்கா" என்றான்.

அவன் ஊரில் ஒரு வன்கொடுமை வழக்கு மூன்றாவது ஆண்டாக நடக்கிறது. அந்த வழக்கின் தாள்கள் ஒரு மஞ்சள் பையில், புகார் கொடுத்தவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. காயத்தைப் படம் எடுத்த போனை எடுத்தவர் விற்றுவிட்டார். தீருதவியில் எந்தத் தவணை வந்தது, எது வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். டைட்டானிக்கில் செத்தவர்களை எண்ணத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருவில் அடிபட்டவர்களின் கணக்கை எழுதச் சொல்லி யாரும் பாடம் வைக்கவில்லை.

இதை எங்கே பேசினாலும் இரண்டு பக்கமிருந்தும் எனக்கு அடி விழுகிறது. கல்லூரிக்காரர்கள், "டேட்டாவுக்கு ஏதும்மா சாதி? அது நியூட்ரல்" என்கிறார்கள். நம் இயக்கத்து மூத்த தோழர்கள், "எக்செல் ஷீட்டைக் காட்டுனா சாதிவெறியன் பயந்துடுவானா? களத்துக்கு வாங்கம்மா" என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கல்லூரிக்காரர்களுக்கு. அந்த ஐரிஸ் பூ எந்தத் தோட்டத்தில் பூத்தது என்று வகுப்பில் சொல்கிறீர்களா? 150 பூக்கள், மூன்று இனங்கள், இனத்துக்கு 50. எட்கர் ஆண்டர்சன் திரட்டிய அளவுகளை வைத்து ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் கட்டுரை எழுதினார். அது வெளியான இதழின் பெயர் 'ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. பிறப்பிலேயே உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று மனிதர்களைத் தரம் பிரித்து, உயர்ந்தவர்கள் மட்டும் பெருக வேண்டும் என்று வாதிட்ட துறையின் இதழ் அது. அதே 1936-ல்தான் மகாலனோபிஸ் தன் தூர அளவை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இன்று இயந்திரக் கற்றல் பாடத்தில் ஒரு சூத்திரமாக மட்டும் வந்துபோகும் அந்த 'மகாலனோபிஸ் தூரம்', வங்காளத்துச் சாதிகளின் தலை அளவும் மூக்கு அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தப் பார்த்தவர். அவர் எடுத்த அளவுகளும் மகாலனோபிஸின் ஆய்வுக்குள் இருந்தன. டேட்டாவுக்குச் சாதி இல்லை என்பவர்கள் தாங்கள் கையில் பிடித்திருக்கும் அளவுகோல் எங்கே செய்யப்பட்டது என்றாவது பார்க்க வேண்டாமா?

ஃபிஷரையும் மகாலனோபிஸையும் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படி, வரலாற்றோடு படி. அமெரிக்காவில் பாஸ்டன் வீட்டு விலைத் தொகுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பகுதியில் கறுப்பர்கள் எத்தனை பேர் என்பதிலிருந்து கணக்கிட்ட ஒரு நெடுவரிசை அதில் இருந்தது. கேள்வி எழுந்தது, சைக்கிட்-லேர்ன் தன் 1.2 பதிப்பில் அந்தத் தொகுப்பையே தூக்கிவிட்டது. நம் தம்பியின் நோட்டில் பதினோராவது பயிற்சியாக அது இன்னும் இருக்கிறது.

தரவு மேலாண்மை என்றால் முதலில் நெடுவரிசைக்குப் பெயர் வைப்பது. அதில்தான் அரசியல் தொடங்குகிறது. 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் ஒருவர்கூட இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் சொன்னது. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்கள்? அவர்கள் வேறு நெடுவரிசை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதற்கு ஒரு வரையறை, 'அபாயகரமான முறையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தல்' என்பதற்கு இன்னொரு வரையறை. சடலத்தை இரண்டாவது பெட்டியில் போட்டுவிட்டால் முதல் பெட்டியில் சுழியம் வந்துவிடும். கணினியில் ஒரு பிழையும் இல்லை, அவுட்புட் கரெக்ட்டாகத்தான் வந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கும் இப்படித்தான். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் எது கடுமையான தண்டனைக்குரியதோ அது மட்டும் எண்ணப்படும். முதன்மைக் குற்ற விதி என்பார்கள். வல்லுறவு செய்து கொலை செய்திருந்தால் கணக்கில் அது கொலை. அந்த அறிக்கையைப் பிரித்து, "இந்த மாவட்டத்தில் இத்தனை வல்லுறவுதான்" என்று எழுதும் ஆய்வு மாணவருக்கு இந்த விதி தெரியவில்லை என்றால், செத்துப்போன பெண்ணை அவரும் ஒருமுறை மறைக்கிறார்.

இனி மூத்த தோழருக்கு. தோழர், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்டவர்கள் 44 பேர் என்று நாம் சொல்கிறோம். நீதிமன்ற ஆவணம் 42 என்கிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த இரண்டு எண்ணும் அருகருகே நிற்கின்றன. எண்ணுவது போராட்டத்துக்கு வெளியே நடக்கும் குமாஸ்தா வேலை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? 1919-ல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன 27 வயது அம்பேத்கர், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதித்துவத்தை மக்கள்தொகைக் கணக்கோடுதான் வாதிட்டார். எக்செல்லைப் பார்த்து சாதிவெறியன் பயப்பட மாட்டான், சரி. ஆனால் நீதிமன்றத்தில் அவனுடைய வழக்கறிஞர் நம்மைத் தோற்கடிப்பது அரிவாளால் இல்லை. தேதியால்.

அதனால் ரெக்கார்டு நோட்டை மறுபடி திறப்போம். ஒரு வழக்குக் கோப்பை எப்படி அட்டவணையாக்குவது? பெரும்பாலான அமைப்புகளில் நான் பார்த்தது ஒரே நீளமான ஷீட், வழக்குக்கு ஒரு வரி, பாதிக்கப்பட்டோர் ஆறு பேர் என்றால் ஆறு பெயரும் கமா போட்டு ஒரே கட்டத்தில். இதைத்தான் உங்கள் டி.பி.எம்.எஸ். மிஸ் முதல் வாரமே "ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு" என்று திட்டியிருப்பார். நம் விஷயத்தில் அந்தத் திட்டு ரொம்ப நியாயம். அடி வாங்கிய நம் ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நம்மீது ஒரு எதிர் வழக்கு போட்டிருக்கும். சம்பவம் ஒன்று, எஃப்.ஐ.ஆர். இரண்டு. முதல் வழக்கில் பாதிக்கப்பட்டவராக இருக்கும் நம் அண்ணன் இரண்டாவதில் ஏ-3. வழக்குக்கு ஒரு வரி என்று எழுதினால் இரண்டும் தொடர்பில்லாத இரண்டு சண்டையாகத் தெரியும், சமரசம் பேச வருபவர்களுக்கு அதுதான் வேண்டும். சம்பவத்துக்கு ஒரு அட்டவணை, வழக்குக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று, எந்த வழக்கில் யார் என்ன பாத்திரம் என்பதற்கு ஒன்று. மாணவர்-பாடம் என்று மனப்பாடம் செய்த பல-பலத் தொடர்பு இதுதான். உங்கள் ஊர் எதிர் வழக்கை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது தேதிகள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை வரை போக வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான பின் இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. தீருதவி பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக வர வேண்டும். மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இத்தனையும் தேதி நெடுவரிசைகள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். (தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி அதை மார்ச் 4 ஆக்கிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஒரு முழு மாவட்டப் பட்டியலை இப்படிக் கெடுத்துவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினோம்.)

காலிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்.ஐ.ஆர். எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அதற்கு என்ன பொருள்? நமக்குத் தெரியவில்லையா, புகாரே கொடுக்கவில்லையா, கொடுத்தும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்களா? மூன்றும் வேறு வேறு. 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆவது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை உண்டு. அப்படியானால் சி.எஸ்.ஆர். தேதிக்கும் எஃப்.ஐ.ஆர். தேதிக்கும் இடையே உள்ள நாட்களே ஒரு சாட்சியம். ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பிய தேதி, நேரம், அப்போது பணியில் இருந்தவரின் பதவி. இந்த மூன்று நெடுவரிசைகள் எந்த அரசு அலுவலகத்திலும் இல்லை. நாம் எழுதாவிட்டால் அவை உலகத்திலேயே இல்லை.

காட்சிப்படுத்தலுக்கு வருகிறேன். 2022-ல் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான வழக்குகள் நாடு முழுக்க 57,582. உத்தரப் பிரதேசம் 15,368, ராஜஸ்தான் 8,752, மத்தியப் பிரதேசம் 7,733. இதை அப்படியே வரைபடத்தில் நிறமாகப் போட்டால் உ.பி. மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். பட்டியல் சாதி மக்கள் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று போட்டால் ராஜஸ்தான் 71.6, மத்தியப் பிரதேசம் 68.2, உ.பி. 37.2. படம் தலைகீழாகிறது. அந்த விகிதத்துக்கு வகுக்கும் எண்ணும் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது, ஏனென்றால் அதன்பின் கணக்கே எடுக்கவில்லை.

இதே வரைபடத்தில் தமிழ்நாடு வெளிறிப்போய்த் தெரியும். 1,761 வழக்குகள், லட்சத்துக்கு 12.2. இதைப் பகிர்ந்து "பெரியார் மண்" என்று மார்தட்டும் நண்பர்கள் என் பட்டியலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன சி.எஸ்.ஆர். நெடுவரிசையைக் காட்டுங்கள். அந்த நிறம் காட்டுவது பதிவான வழக்கை, நடந்த கொடுமையை இல்லை. கதவைச் சாத்திய ஸ்டேஷன்கள் அதிகமாக இருந்தாலும் வரைபடம் வெளிறும். தமிழ்நாட்டில் கொடுமை உண்மையிலேயே குறைவா என்ற கேள்விக்கு அந்தப் படத்திலிருந்து ஒரு பதிலும் எடுக்க முடியாது. அந்த நேர்மை நமக்கும் வேண்டும், கூடுதலாகக் காட்டவும் அதை இழுக்கக் கூடாது.

நல்ல படம் எளிமையாக இருக்கும். வழக்குக்கு ஒரு பட்டை, எஃப்.ஐ.ஆர். முதல் இன்றுவரை எத்தனை நாள் என்று. 60-ஆவது நாளில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். ஒரு மாவட்டத்தின் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் இதை ஏ-3 தாளில் அச்சடித்து மேசையில் விரித்தோம். அதுவரை 'நடவடிக்கையில் உள்ளது' என்று வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். கோட்டைத் தாண்டிய பட்டைகளை அவரே எண்ணினார். நாங்கள் ஒரு முழக்கமும் போடவில்லை.

நான் சமூகவியலில் முதுகலை படித்தபோது டு பாய்ஸ் பெயர் ஒரு வரியில் வந்துபோனது. 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்காக, அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கறுப்பர்களின் நிலம், கல்வி, தொழில், மக்கள்தொகை பற்றிக் கையாலேயே வண்ணத்தில் ஏறத்தாழ அறுபது வரைபடங்கள் அவர் போட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். ஒரு சமூகவியல் ஆசிரியரும் மாணவர்களும் செய்த செய்முறைப் பாடம் அது.

கடைசியாகப் பாதுகாப்பு. இதை எழுதத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பவத்துக்கு ஆதரவு திரட்டும் அவசரத்தில், பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை ஒரு குழுவில் போட்டேன். பெயரும் ஊரும் மட்டும் என்று நினைத்தேன். போன் எண் இருந்த நெடுவரிசையை மறைத்திருந்தேன், அழிக்கவில்லை. யாரோ அதை விரித்துவிட்டார்கள். மறுநாள் இரவு அந்தத் தங்கைக்கு எதிர்த்தரப்பிலிருந்து போன் வந்தது. இரண்டு வாரம் போனை அணைத்து வைத்திருந்தாள், கல்லூரிக்கும் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானேக்கா அனுப்புனீங்க" என்றாள். மறைத்தலுக்கும் நீக்குதலுக்கும் வித்தியாசம் தெரியாத என்னை நம்பி அவள் தன் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

அன்றிலிருந்து, அடையாளம் ஒரு கோப்பில், வழக்கு இன்னொரு கோப்பில், நடுவில் ஒரு எண் மட்டும். அடையாளக் கோப்பு குறியாக்கத்தோடு இருக்கும், இரண்டு பேருக்கு மட்டும் கடவுச்சொல். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். ஊர், வயது, படிப்பு மூன்றும் சேர்ந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு புதிரை வண்ணார் குடும்பம் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே உட்சாதி நெடுவரிசையை வெளியிடுவது கதவு எண்ணை வெளியிடுவதற்குச் சமம். எஃப்.ஐ.ஆர். பி.டி.எஃப்.பை நீதி வேண்டி ஊரெல்லாம் பகிரும் தோழர்கள் அதில் புகார்தாரரின் முகவரி இருப்பதைப் பார்ப்பதே இல்லை.

பாதுகாப்பு என்பது நம் தலைக்கு மேலும் தொங்குகிறது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், தீம்பொருள் வழியாக அதில் ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று 2021-ல் அறிக்கை தந்தது. விசாரணை முகமை அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று வாதிடக்கூட, ஒரு கோப்பு எப்போது, எப்படி வந்தது என்று படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தம்பியின் நோட்டில் ஏழாவது பயிற்சி 'ஒரு சொல்லின் ஹேஷ் மதிப்பைக் கண்டுபிடி'. எதற்கு என்று கேட்டேன். "வைவால கேப்பாங்கக்கா." 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில் மின்னணு ஆவணத்துக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. நம் ஆள் அடிபடும் வீடியோவை எடுத்த அன்றே ஹேஷ் எடுத்து வைத்தால், "இதை வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்ற குறுக்கு விசாரணைக்கு அது முட்டுக்கட்டை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹேஷ் மாறிவிடும். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும், ஒரு நகல் வேறு இடத்தில்.

தனியுரிமை என்ற சொல்லை இப்போது அரசும் தூக்கிக்கொண்டு வருகிறது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3), தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றுகிறது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்ற வாசல் அந்தப் பிரிவிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். கடமை தவறிய அதிகாரிமீது என்ன நடவடிக்கை என்று கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று பதில் எழுத வசதி. 8(2) இன்னும் இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நம் தங்கையின் போன் எண்ணும் அதிகாரியின் கோப்பும் ஒரே தனியுரிமை என்று யாராவது வகுப்பெடுத்தால் எழுந்து கேளுங்கள்.

அந்தத் தம்பி இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு 'வன்கொடுமை வழக்குக் கண்காணிப்பு அமைப்பு' என்று தலைப்பு கொடுத்தான். "சாதியெல்லாம் வேண்டாம்பா, சென்சிட்டிவ். சூப்பர் மார்க்கெட் பில்லிங் பண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் 'கோப்புக் கண்காணிப்பு மென்பொருள்' என்று தலைப்பை மாற்றி மறுபடி கொடுத்தான், அனுமதி கிடைத்தது. மாதிரித் தரவுக்குக் கற்பனைப் பெயர்களைத்தான் போடுகிறான், அதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

உண்மையான தாள்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தில், இணையம் துண்டித்த கணினியில் ஏற்றுகிறோம். மஞ்சள் பையில் பாதி முடிந்திருக்கிறது. இரண்டாவது தவணைத் தீருதவி வரவேயில்லை என்பது போன வாரம் தெரிந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி 14 மாதம் ஆகிறது. மனு தட்டச்சாகிவிட்டது, திங்கட்கிழமை அவனும் அவன் அம்மாவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.